எடுக்காத போனுக்கு என்ன மார்க்?

என் மகள் ஒரு தடவை கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டுகளைக் குட்டி போட வைத்தாள். சொன்னால் சிரிப்பீர்கள் பிள்ளைகளே, நானும் முதலில் சிரித்தேன். எங்கள் வீட்டில் நடந்ததுதான். நடந்த வரிசைப்படியே சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் இருக்கும். அவள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எனக்கு வடசேரிச் சந்தையில் வாழைக்குலைக் கடை. பத்தாம் வகுப்போடு நிறுத்திய ஆள் நான். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று முடித்துவிடுவேன். அதற்கு மேல் அவருக்கும் கேட்கத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது.

கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஏதாவது செய்து காட்ட வேண்டுமாம். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் நூலகத்துப் புத்தகக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குச் செய்து வைத்த சரக்கே கடையில் கிடைக்கும் என்று மகள் சொன்னாள். இவள் மட்டும் கம்ப்யூட்டரை இசை அமைக்க வைக்கப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

எனக்குப் புரியவில்லை. உனக்குப் பாட்டு தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது, பிறகு யார் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லிக் குடுக்காண்டாம்ப்பா. ஆடு மாடு எல்லாம் வளந்து வந்தமாதிரி அதுவே வளந்து வரும்."

பிறகு விளக்கினாள். முதலில் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்தபடி கொஞ்சம் துண்டுப் பாட்டுகளைப் போடும். துண்டுப் பாட்டென்றால் வார்த்தை கிடையாது, டிங் டிங் என்று ஒரு சின்ன மெட்டு. அதை மனிதர்கள் கேட்டு மார்க் போட வேண்டும். குறைந்த மார்க் வாங்கியது செத்துப்போகும். நல்ல மார்க் வாங்கியவற்றை இரண்டு இரண்டாகச் சேர்த்து, ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டிப் புது மெட்டுகளை உண்டாக்கும். நடுவில் ஏதாவது ஒரு சுரத்தை அதுவாகவே மாற்றிவிடும், சில குழந்தைகளுக்கு அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத மச்சம் இருக்குமே, அதுபோல. அந்தப் புது மெட்டுகளுக்கு மறுபடி மார்க். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் போனால், முதலில் தகரம் விழுந்த சத்தமாக இருந்தது போகப்போகக் கேட்கும்படியாக ஆகுமாம்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். "அப்படிச் சொல்லு. நல்ல வாழையைப் பாத்து அதுக்க கன்னைப் பிரிச்சு நடுகமாதிரி" என்றேன்.

இல்லையாம். வாழைக்கன்று தாயை அச்சடித்தமாதிரிதான் வரும், மட்டி ரகத்திலிருந்து மட்டிதான் வரும், அதில் புதுசு எங்கே என்றாள். இதற்கு அப்பாவும் வேண்டும் அம்மாவும் வேண்டுமாம். பிறந்ததிலிருந்து வாழையோடு கிடக்கிறேன், மட்டிக்கு அப்பா கிடையாது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அடுப்படியிலிருந்தே, பெண்பிள்ளை அப்பன்கிட்டப் பேசுகிற பேச்சா இது என்று ஒரு சத்தம் போட்டாள்.

மார்க் போட ஆள் வேண்டுமே. நானும் மனைவியும் உண்டு. பக்கத்துத் தெருவில் என் அக்கா இருக்கிறாள், என் மகளுக்கு அத்தை, எங்கள் பக்கம் மாமி என்போம். அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மகள் ஒவ்வொரு மெட்டாகப் போட்டாள். முதல் மெட்டு, பாத்திரக்கடையில் பூனை புகுந்த சத்தம். அடுத்தது, அதே பூனை வெளியே போகிற சத்தம். நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா தலையை ஆட்டி, "கொள்ளாம்" என்றாள்.

எங்கள் பக்கம் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு அதுதான் சொல். அக்கா எதற்கும் அதைத்தான் சொல்வாள். நம் வீட்டுப் பிள்ளை ஒன்றைச் செய்து கொண்டுவந்து முன்னால் வைத்தால், அது கரிந்த தோசையாக இருந்தாலும் குறை சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. சொன்னால் பிள்ளையின் முகம் வாடிப்போகும். அதனால் அக்கா பத்துக்குப் பத்து போட்டாள். மனைவி பத்துக்குப் பத்து. நான் மட்டும் கெடுப்பானேன் என்று நானும் பத்து. அடுத்த மெட்டுக்கும் பத்து. தலைமுறை மாறி மாறி வந்தது, நாங்களும் சளைக்காமல் பத்தே போட்டோம். எங்கள் வீட்டுப் பிள்ளையின் மெட்டு ஒன்றுகூட தோற்கவில்லை என்று எங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

சில வாரம் கழித்து மகள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். தலைமுறைக்குத் தலைமுறை விழுந்த மார்க்கைக் காட்டுகிற ஒரு கோடு, மேலே, நேராக, ஓட்டுக்கூரையின் உத்தரம்போல ஓடியது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முழு மார்க் கிடைத்திருக்கிறதே, பிறகு ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்றாள்.

மகள் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். எல்லாருக்கும் பத்து என்றால் எதைச் சாகவிடுவது, எதை வளரவிடுவது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அது சீட்டுக் குலுக்கிப் போட்டமாதிரி எதையோ எடுத்து எதனோடோ சேர்த்திருக்கிறது. கடைசியில் எல்லா மெட்டும் ஒரே முகமாகிவிட்டது. அந்த முகமும் நல்ல முகமில்லை, அந்தப் பூனையின் முகம்தான்.

இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. அவளுக்கு வழிகாட்டின மேடம், அடுத்த தடவை பார்க்கும்போது கோடு ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டால் இதை விட்டுவிட்டு நூலகக் கணக்குப் போடுகிறவர்களோடு சேர்ந்துகொள் என்று சொல்லியிருந்தார்கள். மகளுக்கு அது பெரிய வெசனம். கடையில் வாங்கின சரக்கில் தன் பேரை ஒட்டிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மாமியிடம் போய், தயவுசெய்து கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று கேட்டுப்பார்த்தாள். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, வேண்டுமானால் பதினொன்று போடுகிறேன் என்றாளாம்.

அதனால் மகள் ஒரு தந்திரம் செய்தாள். பழைய மெட்டுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கி, இது தன்னுடையது இல்லை, கூடப் படிக்கிற வேறொரு பெண் செய்தது, அவளுக்கு உதவியாகக் கேட்கிறேன் என்று சொல்லி மெட்டுகளைப் போட்டாள்.

அன்றைக்கு என் அக்காவைப் பார்த்திருக்க வேண்டும். முதல் மெட்டு முடியவில்லை, "இது என்னட்டி சத்தம்? எந்த ஊரு பிள்ள?" என்றாள். பூஜ்யம். அடுத்ததற்கும் பூஜ்யம். என் மனைவி, இந்த மெட்டைச் செய்தவளுக்கு வீட்டில் யாரும் நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்கவில்லை போல என்றாள். நான் இரக்கப்பட்டு ஒன்று போட்டேன். நடுவில் ஒரு மெட்டு சுமாராகவே இருந்தது. அதற்கும் அக்கா பூஜ்யம்தான். ஏன் என்று கேட்டதற்கு, நம்ம பிள்ளையினுடையதைவிட இது எப்படி நல்லா இருக்கலாம் என்று கேட்டாள்.

இந்தத் தடவையும் நேர்கோடுதான். உத்தரத்தில் ஓடியது இறங்கிவந்து தரையில் ஓடியது.

அதற்குப் பிறகு மகள் எங்களிடம் மார்க் கேட்பதையே விட்டுவிட்டாள். பாட்டுக் கதை முடிந்தது, நூலகத்துக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் வேறொன்று நடந்தது. மகள் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். காலையில் கடையில் குலை இறங்கிக்கொண்டிருக்கும்போது மணியடிக்கும். எடுத்தால், "அப்பா, சாப்பிட்டியளா?" சாப்பிட்டேன் மக்கா என்றால் சரி என்று வைத்துவிடுவாள். மத்தியானம் மறுபடி. சாயங்காலம் மழை பெய்கிறதா என்று. பக்கத்து வடசேரியில் பெய்கிற மழை இவளுக்கு எதற்கு? ஆனால் எனக்கு உள்ளூர ஒரே பெருமை. பக்கத்துக் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன், இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்பனை இத்தனை தடவை விசாரிக்கும் என்று. அவர், எனக்கும் ஒருத்தன் இருக்கானே, ரீசார்ஜ் தீர்ந்தால்தான் அப்பன் ஞாபகம் வரும் என்று பெருமூச்சு விட்டார்.

போகப்போக எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளைக்கு மனசில் ஏதாவது கஷ்டமோ, சொல்லத் தெரியாமல் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறாளோ என்று. ஒருநாள் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மக்கா, காலேஜில யாராவது ஏதும் சொன்னாவளா? எதானாலும் அப்பாட்டச் சொல்லு."

 அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். காலேஜ் பஸ்ஸில் வரும்போது ஒருவரின் போன் அடித்திருக்கிறது. அவர் கையில் எடுத்துவிட்டு, உடனே பேசாமல், அந்தப் பாட்டில் தனக்குப் பிடித்த இடம் வரும்வரை விட்டு, பிறகுதான் ஹலோ சொன்னாராம். இன்னொருவரின் போன் கரகரவென்று கத்தவும், அவர் கை பறந்துபோய் அமுக்கியதாம். அதைப் பார்த்ததும் இவளுக்கு மனசில் பட்டிருக்கிறது: வாயால் மார்க் கேட்டால்தானே பாசமும் பகையும் வந்து கலக்கும், கை போடுகிற மார்க்கை எடுத்தால் என்ன?

எங்கள் வீட்டில் எல்லார் போனிலும் மணிச்சத்தம் மாற்றிக் கொடுப்பது அவள்தான். எங்களுக்கு மாற்றத் தெரியாது. அதனால் என் போன், அவள் அம்மா போன், மாமி போன் மூன்றிலும் தினமும் காலையில் ஒவ்வொரு புது மெட்டைப் போட்டுவிட்டிருக்கிறாள். பிறகு பகலில் கூப்பிட்டுப் பார்ப்பாள். நாங்கள் எவ்வளவு நேரம் அடிக்கவிடுகிறோமோ அதுதான் மார்க். சீக்கிரம் எடுத்தால் அந்த மெட்டு சாகும். தாமதமாக எடுத்தால் அது பிழைத்து, கல்யாணம் கட்டி, குட்டி போடும். வாழைக்குலை எண்ணுகிற அவசரத்தில் நான் எத்தனை மெட்டைக் கொன்றிருக்கிறேனோ தெரியாது.

எனக்கு ஆச்சரியம் ஒரு பக்கம், கொஞ்சம் ஏமாற்றம் ஒரு பக்கம்.

"அப்ப, சாப்பிட்டியளான்னு கேட்டது?"

"அதும் கேட்டதுதான்ப்பா. போன எடுத்த பெறகு வேற என்னத்தச் சொல்லுக?"

அத்தோடு, உங்களுக்குத் தெரிந்துபோயிற்று, இனி உங்கள் மார்க் செல்லாது என்று என்னைக் கழித்துவிட்டாள். அம்மாவிடமும் மாமியிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். திரையைக் காட்டினாள். கோடு ஏறியிருந்தது. வடக்கே ஆரல்வாய்மொழி மலை தூரத்தில் தெரியுமே, அப்படி முதலில் சரிவாக, பிறகு கொஞ்சம் எடுப்பாக.

மெட்டுகளும் மாறியிருந்தன. பூனை போய்விட்டது. சில மெட்டு ஏறிப்போய்த் தயங்கி நிற்கும், பிறகு எதிர்பாராத பக்கம் இறங்கும். எங்கேயோ கேட்டமாதிரி இருக்கும், எங்கேயும் கேட்டிருக்க மாட்டோம். எனக்கு அன்றைக்கு வந்த சந்தேகம் இதுவரை தீரவில்லை. இந்த மெட்டைப் போட்டது யார்? கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. மகள் ஒரு சுரத்தைக்கூடத் தொடவில்லை. என் மனைவியும் அக்காவும் போனை எடுத்தார்கள், வைத்தார்கள், அவ்வளவுதான். யாருமே போடாத ஒன்று எப்படி உண்டாயிற்று? மகளிடம் கேட்டேன். தோட்டத்துப் பூவுக்கு யாருப்பா கலர் அடிச்சது, வண்டு வந்து வந்து உக்காந்தது, அவ்வளவுதானே என்றாள். வண்டுக்குத் தெரியுமா தான் கலர் அடிக்கிறோம் என்று? உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.

மேடம் பார்க்கிற நாள் வந்தது. எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு சீப்பு செந்துளுவன் பழத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போன் ஜன்னல் திட்டில் இருந்தது.

உட்கார்ந்து கொஞ்சநேரம் ஆகியிருக்கும், போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன், மகள் பெயர். மேடத்தின் முன்னால் வைத்துத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா எடுக்கவில்லை. மெட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷம். நல்லா அடிக்கட்டும், நிறைய மார்க் விழட்டும் என்று. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அப்போதும் அவள் மீனைத்தான் பார்த்தாள். இவ்வளவு மார்க் தேவையில்லையே என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஏனக்கா எடுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"மிஸ்டு காலாக்கும்லே" என்றாள் அக்கா.

அவளுடைய மகன் துபாயில் இருந்தான். வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம், எடுக்கக் கூடாது, எடுத்தால் அவனுக்குக் காசு போய்விடும். அதனால் எந்தப் போன் வந்தாலும் அக்கா முதலில் அடிக்கவிட்டு, கட் ஆகிறதா என்று பார்ப்பாள். ஆகாவிட்டால்தான் பேச வேண்டிய போன். அப்போதும், எழுந்து கைகழுவி வர மனம் வந்தால்தான்.

 அப்படியானால் இத்தனை வாரமாக அக்கா கையிலிருந்து வந்த மார்க் எதுவும் மெட்டுக்கு வந்த மார்க் இல்லை. அது துபாய்க்காரனுக்கு வந்த மார்க். அந்தக் கோடு நின்ற உயரத்தில் பாதி அவன் கொடுத்தது.

மூன்றாவது தடவை அடித்தபோது அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவதுதான் அவளுக்கு வழக்கம், காதில் வைத்தால் சூடாகுமாம். அதனால் எனக்கும் கேட்டது. என்ன மாமி போனை எடுக்கவில்லை என்று மகளின் குரல், அடங்கின குரல். அக்கா என்னிடம் சொன்னதையே, மிஸ்டு காலென்று நினைத்தேன் என்று அவளிடமும் சொன்னாள்.  நூலகத்துக் கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா விடவில்லை. "ஏட்டி, நீ இண்ணைக்கு எனக்க போன்ல வச்சிருக்கியது கொள்ளாது கேட்டியா. சாவு வீட்டு மணி மாதிரி இழுக்குகு. நேத்து வச்சியே, அதத் திரும்ப வையி. அது மேல போயிட்டு ஒரு வெட்டு வெட்டி வரும், அது நல்லது."

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பிள்ளை கேட்டுக் கெஞ்சியபோதெல்லாம் வாய் வராத அக்கா, இன்றைக்கு, மேடம் காதுபட, இருப்பதிலேயே சிறந்தது என்று மகள் பொறுக்கி வைத்த மெட்டைப் போய்க் கொள்ளாது என்கிறாள். அந்த மெட்டு மகளினுடையது என்று அவளுக்குத் தெரியாது. ஊரான் பிள்ளையினுடையது என்றும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. கடைக்கு வந்தால் என் குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காய் சப்பை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறவள்தான். விளைவித்தது நான் இல்லையே.

சாயங்காலம் மகள் வரும்வரை நான் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. அவள் பையை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். இவளும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாளாம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் முதலில் சிரித்தார்களாம். பிறகு, மிஸ்டு கால் என்று நினைத்து விட்டதையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துப் போடு என்றார்களாம். எடுத்துப் போட்டால் கோடு பாதியாக இறங்கிவிட்டது. ஆனாலும் தரையில் படுக்கவில்லை. அம்மாவின் கை போட்ட மார்க்கால் கொஞ்சம் ஏறித்தான் நின்றது.

"அப்ப நூலகமா மக்கா?" என்றேன்.

இல்லையாம். மேடம் அவளிடம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் மாமி கொள்ளாது என்று மட்டுமா சொன்னார்கள், இன்றையதைவிட நேற்றையது நல்லது, ஏன் நல்லது என்றல்லவா சொன்னார்கள்? எத்தனை மார்க் என்று கேட்காதே. இரண்டு மெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுவா அதுவா என்று மட்டும் கேள், யார் செய்தது என்று சொல்லாதே. அடுத்த மாசம் வரை செய்து கொண்டு வா என்று சொல்லிவிட்டார்களாம்.

மறுநாளே மாமி வந்து உட்கார்ந்தாள். போன் கடையில் புதிதாக வந்த மணிச்சத்தம், எது வேண்டும் என்று மட்டும் மகள் கேட்டாள். இரண்டைப் போட்டாள். அக்கா இரண்டாவதைச் சொன்னாள். என் மனைவி முதலாவதைச் சொன்னாள். அதெப்படி, இது நொண்டுகிறதே என்றாள் அக்கா. நொண்டவில்லை, உங்களுக்குத்தான் பொறுமையில்லை, நின்று வருகிறது என்றாள் மனைவி. இன்னொரு தடவை போடு என்றார்கள். போட்டாள். அக்கா கையால் தொடையில் தட்டிக் காட்டி, இந்த இடத்தில் பார், இந்த இடத்தில்தான் விழுகிறது என்றாள். மனைவி அதே இடத்தில் தட்டி, விழவில்லை என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மகள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே அடுத்த இரண்டைப் போட்டாள். எனக்கும் அதில் ஒன்று பிடித்திருந்தது. வாயைத் திறக்கப் போனேன், மகள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் எழுந்துபோய்ப் பாலை இறக்கினேன்.